சர் ஸ்டான்லி ரௌஸ்: விசிலோடு தொடங்கி ஃபிஃபா தலைமை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டான்லி ரௌஸ் யார்?

இங்கிலாந்துக்காரர். பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தார், சர்வதேச கால்பந்து நடுவரானார், பிறகு இங்கிலாந்து கால்பந்து சங்கமான எஃப்.ஏ.-வின் செயலாளராக 1934 முதல் 1962 வரை இருந்தார். 1961-லிருந்து 1974 வரை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் தலைவர். இன்று உலகத்தின் எந்த மைதானத்துக்குப் போனாலும் அங்கே நடக்கிற ஆட்டம் 17 விதிகளுக்கு உட்பட்டது. அந்தப் பதினேழையும் அந்த வடிவத்தில் ஒழுங்குபடுத்தியவர் இவர்தான். இவ்வளவு செய்தவரைப் பற்றித் தமிழில் தேடினால் ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் கிடைப்பதில்லை என்பதால்தான் இந்தப் பக்கம்.

நடுவராக எப்படி ஆனார்?

1895 ஏப்ரல் 25 அன்று சஃபோக் மாவட்டத்தில் லோஸ்டாஃப்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மட்ஃபோர்ட் கிராமத்தில் பிறந்தார். நல்ல உயரம். உள்ளூர் அணிகளில் கோல்கீப்பராக நின்றார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்ஸிலும் மத்திய கிழக்கிலும் இருந்தார். திரும்பி வந்து எக்ஸெடரில் ஆசிரியர் பயிற்சி முடித்து, 1921-ல் வாட்ஃபோர்ட் கிராமர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்.

மணிக்கட்டில் பட்ட காயம் கோல்கீப்பர் ஆசையை முடித்துவைத்தது. ஆட்டத்தை விட மனமில்லாமல் நடுவர் தேர்வு எழுதினார். 1927-ல் இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் நடுவர் பட்டியலில் இடம் கிடைத்தது. அதே வருடம் மார்ச்சில், ஆண்ட்வெர்ப் நகரில் பெல்ஜியமும் நெதர்லாந்தும் மோதிய ஆட்டம் அவருடைய முதல் சர்வதேச ஆட்டம். வாரம் முழுக்கப் பள்ளி, வார இறுதியில் ரயிலும் கப்பலும் என்று போனது வாழ்க்கை. முப்பதுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களை இப்படித்தான் நடத்தினார்.

அவர் நடத்தியவற்றில் பெரிய ஆட்டம் எது?

1934 ஏப்ரல் 28, வெம்ப்ளி, எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டி. மான்செஸ்டர் சிட்டி 2, போர்ட்ஸ்மத் 1. முதலில் போர்ட்ஸ்மத் முந்தியது, கடைசிக் கட்டத்தில் ஃப்ரெட் டில்சன் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை மாற்றினார். சிட்டியின் இளம் கோல்கீப்பர் ஃப்ராங்க் ஸ்விஃப்ட், இறுதி விசில் ஊதியதும் பதற்றம் தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டார். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டைக் கட்டியெழுப்பிய மேட் பஸ்பி அன்று சிட்டிக்காக ஆடினார். அந்தக் காலத்தில் இங்கிலாந்து நடுவர் ஒருவருக்கு அதற்கு மேல் ஏறுவதற்குப் படி கிடையாது.

மூலைவிட்ட முறை என்றால் என்ன? அதற்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நடுவர் வேலையில் இறங்குகிற எல்லோருக்கும் முதலில் சொல்லிக் கொடுக்கப்படுவது இதுதான். நடுவர் மைதானத்தின் ஒரு மூலைப் பக்கத்திலிருந்து எதிர் மூலைப் பக்கம் வரை குறுக்காக ஓடுவார். கொடியோடு பக்கக் கோட்டில் ஓடும் உதவி நடுவரான லைன்ஸ்மேன்கள் இருவரில், ஒருவர் ஒரு பக்கக் கோட்டின் ஒரு பாதியை மட்டும் பார்ப்பார், இன்னொருவர் எதிர்க் கோட்டின் மறு பாதியைப் பார்ப்பார். இதனால் பந்து எங்கே இருந்தாலும் அது நடுவருக்கும் ஒரு லைன்ஸ்மேனுக்கும் நடுவில் இருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் கண் இருக்கும். ஆஃப்சைடு கோட்டுக்கு நேராக நிற்க ஒருவருக்கு எப்போதும் நேரம் கிடைக்கும்.

இதற்கு முன்னால் யார் எங்கே ஓடுவது என்பதில் ஒரே வழக்கம் கிடையாது. நடுவர்கள் அவரவர் போக்கில் ஓடினார்கள். ஒரே இடத்தை மூன்று பேரும் பார்ப்பதும், இன்னொரு இடத்தை யாருமே பார்க்காமல் விடுவதும் நடந்தது. ரௌஸ் இதைத் தன் ஆட்டங்களில் ஒரு முறையாகப் பழக்கி, பிறகு எஃப்.ஏ. பொறுப்புக்கு வந்ததும் நடுவர் பயிற்சிகள் வழியாகப் பரப்பினார். வீடியோ நடுவர் வந்தாயிற்று, காதில் மைக் வந்தாயிற்று. ஆனாலும் நடுவர்கள் இன்றைக்கும் அடிப்படையில் அந்த மூலைவிட்டத்தில்தான் ஓடுகிறார்கள். நம்மூர் மாவட்ட லீக்கில்கூட.

ஆட்ட விதிகளை இவர் எழுதினார் என்கிறார்களே, விதிகள் 1863-லேயே வந்துவிட்டனவே?

1863-ல் எஃப்.ஏ. எழுதியது 13 விதிகள். அவற்றில் பெனால்டி கிடையாது, முன்னோக்கிப் பந்தைக் கொடுக்கிற ஆட்டம் கிடையாது, கோல்கீப்பர் என்ற ஆளே கிடையாது. அடுத்த எழுபது வருடங்களில் ஒவ்வொரு தேவைக்கும் ஒரு திருத்தம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு விளக்கம் என்று ஒட்டிக்கொண்டே போனார்கள். ஒரே விஷயம் மூன்று இடத்தில் மூன்று மாதிரி இருந்தது. அனுபவம் வாய்ந்த நடுவர்களே தடுமாறினார்கள்.

ரௌஸ் அதை எடுத்து முதலிலிருந்து அடுக்கினார். முதலில் மைதானம், பிறகு பந்து, பிறகு வீரர்களின் எண்ணிக்கை, உடை, நடுவர், நேரம், ஆட்டத் தொடக்கம், அப்புறம்தான் ஆஃப்சைடு, ஃபவுல், ஃப்ரீ கிக், பெனால்டி. ஆட்டம் எந்த வரிசையில் நடக்கிறதோ அதே வரிசை. 1938-ல் சர்வதேசக் கால்பந்து விதிக்குழு இதை ஏற்றுக்கொண்டது. விதிகளின் உள்ளடக்கத்தை அவர் பெரிதாக மாற்றவில்லை. ஓர் ஆசிரியர் படித்துப் புரிந்துகொள்ளும்படி, இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்படி எழுதினார். அதன்பின் எத்தனையோ திருத்தங்கள் வந்தும் பதினேழு என்ற எண்ணிக்கை மாறவில்லை.

என்னைக் கேட்டால், அவர் வகித்த எந்தப் பதவியையும்விட இதுவே பெரிய சாதனை. களத்தில் விசிலோடு நின்று, சந்தேகம் வரும்போது எந்த வரி கைகொடுக்கும், எந்த வரி காலை வாரும் என்று அனுபவித்த ஒருவரால்தான் இதைச் செய்திருக்க முடியும்.

ஆசிரியராகவும் நடுவராகவும் இருந்தவருக்கு எஃப்.ஏ. செயலாளர் பதவி எப்படிக் கிடைத்தது?

1895-லிருந்து, அதாவது ரௌஸ் பிறந்த வருடத்திலிருந்து, ஃப்ரெடரிக் வால் என்பவர் அந்த நாற்காலியில் இருந்தார். அவர் 1934-ல் ஓய்வு பெற்றபோது எஃப்.ஏ.-வுக்கு ஆள் தேவைப்பட்டது. ரௌஸுக்கு அப்போது வயது 39. ஐரோப்பா முழுவதும் ஆட்டங்கள் நடத்தியதில் எல்லா நாட்டுச் சங்கங்களோடும் பழக்கம் இருந்தது. தீவுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த இங்கிலாந்து கால்பந்தில் அது அபூர்வம்.

செயலாளராக என்ன செய்தார்?

நிறைய. முக்கியமானது பயிற்சி. பெரிய வீரர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்ட காலத்தில், பயிற்சியாளர்களுக்கே வகுப்பு எடுக்கும் திட்டத்தை எஃப்.ஏ. தொடங்கியது. 1946-ல் வால்டர் வின்டர்பாட்டம் என்பவரைப் பயிற்சி இயக்குநராகவும் இங்கிலாந்து அணியின் முதல் மேலாளராகவும் கொண்டுவந்தார் ரௌஸ். பின்னாளில் இங்கிலாந்து மேலாளர்களான ரான் கிரீன்வுட், பாபி ராப்சன் போன்றவர்கள் அந்தப் பயிற்சி வழியாக வந்தவர்களே. இரண்டாம் உலகப் போரின்போது விளையாட்டு மூலம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பெரும் நிதி திரட்டினார். பிற்பாடு வந்த யூஃபா கோப்பைக்கு முன்னோடியான ஃபேர்ஸ் கோப்பை என்ற ஐரோப்பியப் போட்டியை 1955-ல் தொடங்கிய மூவரில் ஒருவர்.

1938-ல் பெர்லினில் இங்கிலாந்து வீரர்கள் நாஜி வணக்கம் செய்தார்களே, அதில் இவருக்குப் பங்கு உண்டா?

உண்டு. மே 14, பெர்லின் ஒலிம்பிக் மைதானம். ஆட்டத்துக்கு முன் ஜெர்மனியின் தேசிய கீதம் ஒலிக்கும்போது இங்கிலாந்து வீரர்களும் கையை நீட்டி வணக்கம் செய்ய வேண்டுமா என்ற கேள்வி வந்தது. அணியோடு சென்றிருந்த ரௌஸும் இன்னொரு எஃப்.ஏ. அதிகாரியும் பிரிட்டிஷ் தூதர் நெவில் ஹெண்டர்சனைக் கலந்தார்கள். செய்துவிடுவது நல்லது என்பது அவர் கருத்து. அந்த முடிவு வீரர்களிடம் சொல்லப்பட்டது. பிடிக்காமல்தான் செய்தார்கள். ஆட்டத்தில் இங்கிலாந்து 6-3 என்று ஜெயித்தது, ஆனால் இன்று எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தப் புகைப்படம்தான்.

விருந்தினராகப் போன இடத்து மரியாதை என்றே ரௌஸ் அதைப் பார்த்தார். இந்த மனநிலையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் கழித்து இதுவே அவரைத் திரும்பத் திரும்ப இடறவைத்தது.

பிரிட்டன் ஃபிஃபாவுக்கு வெளியே இருந்ததா?

ஆமாம். பணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் வீரர்களுக்கு, ஆடப் போனதால் வேலையில் இழந்த சம்பளத்தை ஈடுகட்டலாமா என்ற சண்டையில் பிரிட்டனின் நான்கு சங்கங்களும் 1928-ல் வெளியேறின. முதல் மூன்று உலகக் கோப்பைகளில் அவை இல்லாததற்கு இதுவே காரணம். 1946-ல் அவை திரும்பி வந்ததில் ரௌஸின் உழைப்பு பெரிது. போரில் ஃபிஃபாவின் கஜானா காலியாகிவிட்டது. 1947 மே 10 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் பிரிட்டன் அணிக்கும் ஐரோப்பிய அணிக்கும் ஓர் ஆட்டம் நடத்தி, அதன் வருமானத்தை ஃபிஃபாவுக்குக் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பிரிட்டன் 6-1.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு?

நேரடியாகச் சொல்ல ஒன்று உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் ஏற்பாட்டில் ரௌஸ் முக்கியப் பங்கு வகித்தார். அதற்காகவே 1949-ல் சர் பட்டம் கிடைத்தது. சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி முதன்முதலாக உலக மேடையில் ஆடியது அந்தப் போட்டியில்தான். ஜூலை 31, இல்ஃபோர்டில் பிரான்ஸோடு ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல் ஆடினார்கள். இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டிகளை வீணாக்கி, கடைசி நிமிடங்களில் கோல் வாங்கி 1-2 என்று தோற்றோம். அன்று அந்த இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தால் என்ற எண்ணம், பழைய கால்பந்து ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

ஃபிஃபா தலைவரானது எப்படி?

தலைவராக இருந்த ஆர்தர் ட்ரூரியும் இங்கிலாந்துக்காரர். அவர் 1961 மார்ச்சில் இறந்தார். செப்டம்பரில் லண்டனில் நடந்த சிறப்பு மாநாட்டில் ரௌஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 66. சம்பளம் இல்லாத பதவி. சூரிச்சில் ஒரு சிறிய அலுவலகம், விரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள், பொதுச் செயலாளர் ஹெல்முட் கேசர். இன்றைய ஃபிஃபாவின் பணத்தையும் கட்டடத்தையும் மனத்தில் வைத்து அதைக் கற்பனை செய்ய முடியாது.

எஃப்.ஏ.-வில் தன் இடத்துக்கு வின்டர்பாட்டம் வர வேண்டும் என்று விரும்பினார். குழு அதை ஏற்காமல் டெனிஸ் ஃபாலோஸைத் தேர்ந்தெடுத்தது.

1966 உலகக் கோப்பையில் நடுவர் நியமனத்தில் சூழ்ச்சி நடந்ததா?

தென்னமெரிக்காவில் பலர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள். காரணம் ஜூலை 23. காலிறுதியில் இங்கிலாந்து–அர்ஜென்டினா ஆட்டத்துக்கு மேற்கு ஜெர்மனியின் ருடால்ஃப் க்ரைட்லைன் நடுவர். அதே நாளில் மேற்கு ஜெர்மனி–உருகுவே ஆட்டத்துக்கு இங்கிலாந்தின் ஜிம் ஃபின்னி நடுவர். முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினா கேப்டன் அன்டோனியோ ரத்தீன் வெளியேற்றப்பட்டார். இரண்டாவதில் உருகுவே வீரர்கள் இருவர் வெளியேற்றப்பட்டார்கள். ஃபிஃபா தலைவர் இங்கிலாந்துக்காரர், போட்டி நடப்பது இங்கிலாந்தில். சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சூழ்ச்சிக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காமல் நியமித்தது தவறு. நேர்மையான நடுவருக்கு எந்த நாடு என்பது பொருட்டே இல்லை என்று ரௌஸ் மனதார நம்பினார். மற்றவர்களும் அப்படியே நம்புவார்கள் என்றும் நினைத்துவிட்டார்.

இந்தக் கலவரத்திலிருந்து ஒரு நல்லதும் பிறந்தது. ரத்தீனுக்கும் நடுவருக்கும் பொது மொழி இல்லாததால் அவர் பல நிமிடங்கள் களத்தை விட்டுப் போகவில்லை. அந்தப் போட்டியின் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டனும் முன்னாள் சர்வதேச நடுவர்தான். வீட்டுக்குக் காரில் போகும்போது சிக்னல் விளக்கைப் பார்த்து அவருக்கு மஞ்சள், சிவப்பு அட்டை யோசனை வந்தது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் அறிமுகமாயின.

ஆப்பிரிக்க நாடுகள் 1966 உலகக் கோப்பையைப் புறக்கணித்தது ஏன்?

மொத்தம் 16 இடங்கள். அதில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். ஆப்பிரிக்காவில் முதலாவதாக வந்தாலும் ஆசியப் பக்கத்து வெற்றியாளரோடு இன்னொரு முறை மோத வேண்டும். கானாவின் கால்பந்து நிர்வாகி ஓஹெனே ஜான் முன்னணியில் நிற்க, ஆப்பிரிக்க அணிகள் ஒட்டுமொத்தமாக விலகின. அந்த இடம் வட கொரியாவுக்குப் போயிற்று. அவர்கள் இத்தாலியை 1-0 என்று வீழ்த்தியது தனிக்கதை. அந்தப் போட்டியில் 9 கோல் போட்டு முதலிடம் பிடித்த யூசேபியோ, மொசாம்பிக்கில் பிறந்து போர்ச்சுகலுக்காக ஆடியவர். ஆப்பிரிக்காவுக்குத் திறமை போதாது என்ற வாதம் அத்தோடு செத்திருக்க வேண்டும். 1970 முதல் ஆப்பிரிக்காவுக்கு ஒரு நேரடி இடம் கிடைத்தது, முதலில் போனது மொராக்கோ.

தென்னாப்பிரிக்கா விஷயத்தில் ரௌஸ் உண்மையில் என்ன செய்தார்?

அவருடைய வாழ்க்கையில் மன்னிக்கக் கஷ்டமான பகுதி இது.

நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர்கள் நடத்திய சங்கம்தான் ஃபிஃபா உறுப்பினர். எல்லா இனத்தவரையும் சேர்த்து நடத்தப்பட்ட இன்னொரு சம்மேளனம் வெளியே நின்றது. 1961-ல் ஃபிஃபா அந்த வெள்ளையர் சங்கத்தை இடைநிறுத்தியது. 1963 ஜனவரியில் ரௌஸ், அமெரிக்க அதிகாரி ஒருவரோடு நேரில் போய்ப் பார்த்துவிட்டு, தடையை நீக்கலாம் என்று பரிந்துரைத்தார். தடை நீங்கியது. அந்தச் சங்கம் முன்வைத்த சமரசத்தைக் கேளுங்கள்: 1966 உலகக் கோப்பைக்கு முழு வெள்ளையர் அணி, 1970-க்கு முழுக் கறுப்பினத்தவர் அணி. 1964-ல் டோக்கியோ மாநாட்டில் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் வாக்குகளால் தடை மீண்டும் வந்தது. தலைவரின் விருப்பத்துக்கு மாறாக.

ரௌஸின் வாதம் இது: அரசின் சட்டத்துக்குச் சங்கம் பொறுப்பாகாது, கால்பந்தில் அரசியல் வேண்டாம், உறுப்பினர் சங்கத்தைக் காப்பது ஃபிஃபாவின் கடமை. களத்தில் நிற்கும் நடுவர் இப்படித்தான் யோசிக்க வேண்டும். எதிரே இருப்பது இருபத்திரண்டு பேர், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது அவர் வேலை இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் பெரும்பான்மை மக்களைக் களத்துக்குள்ளேயே விடவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் நியாயம் பார்ப்பது, வெளியே நிறுத்தியவர்களுக்குத் துணைபோவதாக ஆயிற்று. ஆப்பிரிக்க அதிகாரிகள் இதை அவரிடம் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் காதில் ஏறவில்லை. அவர் மீது எனக்கு இருக்கும் மரியாதை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

அவர் பதவியிழந்த பிறகு, 1976-ல் மான்ட்ரியல் மாநாட்டில் தென்னாப்பிரிக்கா ஃபிஃபாவிலிருந்து வெளியேற்றப்பட்டது.

சிலி–சோவியத் ஆட்டம் என்ன விவகாரம்?

1974 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சான்டியாகோவின் தேசிய மைதானத்தைச் சிறையாக்கி, ஆயிரக்கணக்கானவர்களை அங்கே அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். மாஸ்கோவில் முதல் ஆட்டம் 0-0. இரண்டாவது ஆட்டம் அதே மைதானத்தில். சோவியத் யூனியன் வேறு நாட்டில் வைக்கச் சொன்னது. ரௌஸ் தலைமையிலிருந்த ஃபிஃபா அனுப்பிய இரண்டு பேர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார்கள்.

நவம்பர் 21 அன்று சிலி வீரர்கள் மட்டும் களத்தில் இறங்கினார்கள். எதிரணியே இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டே போய்க் காலியான வலைக்குள் போட்டார்கள். நடுவர் கோல் என்று விசில் ஊதினார். விதிப்படி எல்லாம் சரி.

1974 தேர்தலில் ஏன் தோற்றார்?

எதிர்த்து நின்றவர் பிரேசிலின் ஜுவாவ் ஹாவெலாஞ்ச். 1936 ஒலிம்பிக்ஸில் நீந்தியவர், வசதியான தொழிலதிபர். ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் நேரில் போய் ஒவ்வொரு சங்கத்தையும் சந்தித்தார். உலகக் கோப்பையில் 24 அணிகள், இளைஞர்களுக்கு உலகப் போட்டி, வளரும் நாடுகளுக்குப் பயிற்சியும் பணமும், தென்னாப்பிரிக்காவுக்கு இடமில்லை என்று வாக்குறுதி கொடுத்தார். 79 வயதான ரௌஸ், செய்த சேவையைப் பார்த்து வாக்களிப்பார்கள் என்று இருந்தார். ஓட்டுக் கேட்டு அலைவது அவருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது.

ஃபிஃபாவில் இங்கிலாந்துக்கும் ஒரு வாக்கு, நேற்று சுதந்திரம் வாங்கிய நாட்டுக்கும் ஒரு வாக்கு. ஜூன் 11, ஃபிராங்க்ஃபர்ட். முதல் சுற்றில் 62-56. இரண்டாம் சுற்றில் 68-52. ஹாவெலாஞ்ச் ஜெயித்தார்.

அப்படியானால் ஹாவெலாஞ்ச் வந்தது நல்லதுதானா?

ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கூடுதல் இடங்கள் கிடைத்தன, அந்த வகையில் நல்லது. கூடவே விளம்பரப் பணமும், பின்னாளில் ஐ.எஸ்.எல். என்ற விளையாட்டு விளம்பர நிறுவனத்தின் (நம்மூர் இந்தியன் சூப்பர் லீக் அல்ல) லஞ்ச விவகாரமும் வந்தன. ஹாவெலாஞ்ச் 2013-ல் கௌரவத் தலைவர் பதவியை விட்டு விலகியது அதனால்தான். ரௌஸ் மீது பணம் தொடர்பான கறை இல்லை. ஆனால் கை சுத்தமாக இருந்தது என்பதை வைத்துத் தென்னாப்பிரிக்காவை மறந்துவிட முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தோல்விக்குப் பிறகு?

கௌரவத் தலைவராக்கினார்கள். 1985-ல் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு ரௌஸ் கோப்பை என்று பெயர் வைத்தார்கள், அது 1989 வரை நடந்தது. அவர் பாடம் நடத்திய வாட்ஃபோர்ட் ஊரின் கிளப்பும் ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயரை வைத்தது. 1986 ஜூலை 18 அன்று, 91 வயதில் இறந்தார்.

இன்றும் நடுவர்கள் நிர்வாகத்துக்கு வருகிறார்களா?

வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் நடுவர் துறைக்குள்ளேயே. 2002 உலகக் கோப்பை இறுதிப்போட்டியை நடத்திய இத்தாலியின் பியர்லூயிஜி கொலினா, 2017 முதல் ஃபிஃபா நடுவர் குழுவின் தலைவர். 2010 இறுதிப்போட்டியை நடத்திய ஹவர்ட் வெப், இங்கிலாந்தின் தொழில்முறை நடுவர் அமைப்புக்குத் தலைமை ஏற்றார். நடுவர் அறையில் நடக்கும் வீடியோ உரையாடல்களைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டி, தவறு நடந்திருந்தால் தவறு என்றே சொல்கிறார். முடிவை எடுத்தால் மட்டும் போதாது, அதை வெளியே இருப்பவர்களுக்கு விளக்கவும் வேண்டும் என்று இந்தத் தலைமுறை நடுவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 1966-லும் 1973-லும் ரௌஸ் செய்யத் தவறியது அதைத்தான்.